அமைதிச் சாலையும் ஆரவார வீதியும்

மிதிவண்டி எளியோர்க்கு உற்ற துணையாய் விளங்கும் ஊர்தி. மக்கள் அதனைச் சைக்கிள் என்றே வழங்குவர். எரிநெய் வேண்டாது, தீவனம் வேண்டாது, ஊர்பவர் காலின் ஆற்றல் ஒன்றையே கொண்டு அஃது இயங்கும். புகை கக்குவதில்லை, பேரொலி எழுப்புவதில்லை, நிறுத்தி வைப்பதற்குச் சிறிதளவு இடமே போதும். உழவர் வயலுக்கும், தொழிலாளர் ஆலைக்கும், பால் கொணர்வாரும் செய்தித்தாள் கொணர்வாரும் வீடுதோறும் அதன்மேல் செல்வர். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை முதலாண்டு பயிலும் மாணவ மாணவியர்க்கு அரசே விலையின்றி மிதிவண்டி வழங்குகிறது. நடந்து செல்லுதற்கு அரிய தொலைவில் இருந்த பள்ளியும் அதனால் பல பிள்ளைகளுக்கு அண்மையதாயிற்று.

இவ்வாறு பயன்படும் ஊர்தியைச் செலுத்தும் கலை எல்லா இடங்களிலும் ஒன்றே போலத் தோன்றும். ஆயினும், சிற்றூர்ச் சாலையில் பல்லாண்டு பழகிய ஒருவர், கல்லூரியில் பயிலவோ தொழில் தேடியோ பெருநகர் புகுந்து, அங்குள்ள வீதியில் முதன்முதலாக மிதிவண்டியைச் செலுத்தும்போது, தாம் கற்ற கலை பாதியே என்பதை உணர்வர். நகரத்தில் வளர்ந்த ஒருவர் சிற்றூர்ச் சாலைக்குச் செல்லும்போது, அதன் அமைதியை முற்றும் நம்பி இடருக்கு உள்ளாதலும் உண்டு. ஆதலின், இருவகைச் சாலைகளின் இயல்பையும் ஆராய்ந்து அறிதல் மிதிவண்டி ஊர்வார் அனைவர்க்கும் இன்றியமையாதது.

ஊர்தி மாறவில்லை, சாலை மாறியது

1817-ஆம் ஆண்டில் ஜெர்மானிய நாட்டு மான்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பார் மரத்தாலான இருசக்கர ஊர்தி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதி இல்லை. ஊர்பவர் அதன்மேல் அமர்ந்து, காலால் தரையை உந்திச் செல்லவேண்டும். 1860-களில் பாரிசு நகரில் முன் சக்கரத்தோடு மிதிகள் இணைக்கப்பட்டன. பின்னர், முன் சக்கரம் மிகப் பெரிதும் பின் சக்கரம் மிகச் சிறிதுமான வண்டி வழக்கிற்கு வந்தது. அதன்மேல் ஏறுதலும் அரிது. ஏறியவர் தலைகீழாக விழுதல் எளிது. இக்குறை நீங்க, 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள காவென்டிரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார், ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்களையும், பின் சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியையும் கொண்ட வண்டியை ஆக்கி அளித்தார். 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்டு நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவராகிய ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் கூடியபோது இன்றைய மிதிவண்டி பிறந்தது எனலாம்.

அன்று அமைந்த வடிவம் இன்றும் பெரிதும் மாறவில்லை. சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை ஆக்கிய வண்டிகளிலும், இன்று பள்ளிகளில் வழங்கப்பெறும் வண்டிகளிலும் அவ்வடிவமே காணப்படும். ஆனால், சாலை மாறிவிட்டது. மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் சென்ற சாலையில், விரைந்து செல்லும் ஊர்திகளுள் ஒன்றாக மிதிவண்டி விளங்கியது. மோட்டார் வண்டிகள் பெருகிய சாலையிலோ அதுவே மிக மெதுவாகச் செல்லும் ஊர்தி. முன்னாளில் மணியடித்துப் பிறரை விலகச் செய்தது, இந்நாளில் பிறர் எழுப்பும் ஒலிக்கு அஞ்சி ஓரத்தில் ஒதுங்குகிறது. ஊர்தி ஒன்றே, அதன் நிலை மட்டும் தலைகீழாயிற்று. இம்மாற்றத்தை உணர்ந்தால், இருவகைச் சாலைகளுக்கும் உள்ள வேற்றுமை எளிதில் விளங்கும்.

அமைதிச் சாலை

மிதிவண்டி பழகுவதற்கு உரிய இடம் அமைதியான சாலையே. தொடக்கத்தில் பயில்பவர் கருத்து முழுவதும் தம் வண்டியின்மீதே நிற்கும். உடல் ஒருபுறம் சாயாமல் நிறுத்தல், கண்ணைச் சக்கரத்தின்மேல் வையாது முன்னுள்ள வழியின்மேல் வைத்தல், வேண்டியபோது பிரேக்கைப் பிடித்தல், இறங்கவேண்டிய நேரத்தில் கால் ஊன்றுதல் ஆகிய இவையெல்லாம் பழகப் பழகவே கைவரும். வண்டி செலுத்துகிறோம் என்ற எண்ணமே தோன்றாதவாறு உடல் தானே இயங்கும் நிலை வந்த பின்னரே, பயில்பவர் தம் கருத்தைப் பிறர்மேல் செலுத்த இயலும். அந்நிலை வரும்வரை தவறுகள் நேரும். அத்தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் சாலையே கற்றற்கு உரிய சாலை.

இதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் ஒரு சான்று. 1991-ஆம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கப்பெற்றது. எழுதப் படிக்க அறியாதார்க்கு எழுத்தறிவு புகட்டுவது அவ்வியக்கத்தின் நோக்கம். அந்நாளில் அம்மாவட்டத்தின் ஆட்சித் தலைவராக இருந்த ஷீலாராணி சுங்கத் அம்மையார், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களுக்கு அளிக்க ஊக்கம் அளித்தார். வயலில் உழைப்போரும், கல் உடைப்போரும், இயக்கத்தின் தொண்டர்களுமாகப் பல்லாயிரம் மகளிர் மிதிவண்டி ஏறப் பழகினர். குடிநீர்க் குடத்தையும், விளைபொருளையும், கைக்குழந்தையையும் வண்டியில் ஏற்றிச் செல்லக் கற்றனர். பேருந்தின் வரவையும் ஆடவர் துணையையும் எதிர்நோக்கியிருந்த காலம் மறைந்தது. அம்மகளிரின் துணிவே இவ்வெற்றிக்கு முதற்காரணம். எனினும், நெரிசலற்ற சிற்றூர்ச் சாலைகள் அத்துணிவுக்குத் துணைநின்றன என்பதையும் மறத்தலாகாது.

எனின், அமைதிச் சாலையில் இடரே இல்லையோ? உண்டு. சாலையின் விளிம்பு சிதைந்திருக்கும்; தாரும் மண்ணும் சேருமிடம் படிபோல் தாழ்ந்திருக்கும். கருவேல முள் டயரைத் துளைக்கும். அறுவடைக் காலத்தில் நெல்லும் கொள்ளும் வைக்கோலும் சாலைமேல் உலர்த்தப்பட்டிருக்கும். அவற்றின்மேல் சக்கரம் வழுக்கும். ஆடும் மாடும் நாயும் திடீரெனக் குறுக்கிடும். இரவில் விளக்கில்லாத நெடுந்தொலைவு உண்டு; எதிரே வரும் ஒரு வண்டியின் பேரொளி கண்ணைக் கூசச் செய்ய, அடுத்த பள்ளம் புலப்படாமற் போகும். இவையனைத்தினும் கொடியது ஒன்று உண்டு. சாலை வெறிச்சோடிக் கிடத்தலைக் கண்டு மோட்டார் வண்டிகள் தம் விரைவை மிகுத்துச் செல்லும். பின்னால் யாரும் வாரார் என்று மிதிவண்டி ஊர்பவர் கருதுவர்; முன்னால் யாரும் இரார் என்று லாரி ஓட்டுபவர் கருதுவர். இருவர் கருத்தும் ஒருங்கே பொய்க்கும் இடத்தில் துன்பம் விளைகிறது. சிற்றூர்ச் சாலை பெருவழியோடு கூடும் சந்திப்பு அத்தகைய இடங்களுள் முதன்மையானது. அமைதியான சாலையில் வந்த பழக்கத்தால், அவ்விடத்தில் நின்று பாராது நுழைவோர் உயிரையே பணயம் வைப்போராவர்.

ஆரவார வீதி

பெருநகர் வீதியின் இயல்பு வேறு. சென்னையிலுள்ள அண்ணா சாலையை எடுத்துக்கொள்வோம். முன்னாளில் மவுண்ட் ரோடு எனப் பெயர் பெற்ற அவ்வீதியில், அலுவலகம் தொடங்கும் நேரத்திலும் முடியும் நேரத்திலும் பேருந்து, கார், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் ஆகியன இடைவெளியின்றி நெருங்கிச் செல்லும். அங்கே மிதிவண்டி ஊர்பவர் தம் வண்டியை நினைக்க நேரமில்லை. பிறர் நினைப்பதை முன்னரே அறிதலே அவர்தம் முதற்பணி.

மிதிவண்டிக்கு உரியது சாலையின் இடப்புறம். பேருந்து வந்து நிற்பதும் அப்புறமே; ஆட்டோ ஆள் ஏற்றுவதும் அப்புறமே; கார்கள் வரிசையாக நிறுத்தப்படுவதும் அப்புறமே. முன்னே செல்லும் ஆட்டோ, சாலையோரத்தில் ஒருவர் கை காட்டிய அளவில் சட்டென ஒதுங்கி நிற்கும். நிறுத்தி வைக்கப்பட்ட காரின் கதவு எதிர்பாராது திறக்கும். முந்திச் சென்ற பேருந்து, நிறுத்தத்தை நோக்கி இடப்புறம் சாயும். மழைக்காலத்தில் பள்ளமும் நீரும் ஒன்றாகித் தோன்றும்; ஆழம் இவ்வளவென்று கண்ணுக்குத் தெரியாது. இரைச்சல் மிகுதியால் பின்வரும் வண்டியின் ஒலியைப் பிரித்தறிதலும் அரிது.

இவற்றுள் மாணவர் சிறப்பாக அறியவேண்டுவது நீண்ட வண்டிகளின் இயல்பு. லாரியோ பேருந்தோ இடப்புறம் திரும்பும்போது, அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் சென்ற தடத்தில் செல்லமாட்டா. திருப்பத்தின் உட்புறமாக ஒதுங்கிச் செல்லும். முன்பகுதி விலகிச் சென்றதைக் கண்டு, இடமுண்டு எனக் கருதி இடப்புறம் நுழைந்த மிதிவண்டி, பின் சக்கரத்திற்கும் நடைபாதைக்கும் இடையே சிக்கும். மேலும், உயர்ந்த இருக்கையில் அமர்ந்துள்ள ஓட்டுநர்க்குத் தம் வண்டியின் இடப்பக்கத்தை ஒட்டி நிற்பவர் கண்ணுக்குப் புலனாகார். லாரியின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் தெரியவில்லையாயின், அவர் கண்ணுக்கும் மிதிவண்டி தெரியவில்லை என்று கொள்ளவேண்டும். ஆதலின், சந்திப்பில் நிற்கும் பெரிய வண்டியின் இடப்புறத்தே புகுதல் ஒருபோதும் கூடாது. அதன் பின்னே நிற்பதே தக்கது. ஒரு நிமிடம் பின்தங்குதலால் வரும் இழப்பு யாதுமில்லை.

விரைவும் விளைவும்

மேற்கூறியவற்றால், வண்டிகள் மிக்க வீதி இடர் மிக்கது என்றும், வண்டிகள் குறைந்த சாலை இடர் குறைந்தது என்றும் முடிவு கட்டுதல் பொருந்துமா? பொருந்தாது. வண்டிகளின் எண்ணிக்கை மட்டும் இடரை அளப்பதன்று. விரைவுகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டையும் உடன் எண்ணவேண்டும். இதனை ஒரு கணக்கால் விளக்கலாம்.

மிதிவண்டி ஒன்று மணிக்கு 15 கிலோமீட்டர் விரைவில் செல்கிறது என்க. அதற்கு 100 மீட்டர் பின்னால் ஒரு லாரி மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் வருகிறது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு மணிக்கு 45 கிலோமீட்டர். அஃதாவது நொடிக்கு 12½ மீட்டர். ஆகவே, 8 நொடியில் லாரி மிதிவண்டியை எட்டிவிடும். மிதிவண்டி ஊர்பவர் திரும்பிப் பார்ப்பதற்கும், லாரி ஓட்டுபவர் கண்டு ஒதுங்குவதற்கும் உள்ள காலம் அவ்வளவே. நெரிசல் மிக்க வீதியில் அதே லாரி மணிக்கு 20 கிலோமீட்டர் விரைவில் வருமாயின், வேறுபாடு மணிக்கு 5 கிலோமீட்டரே. அப்போது அது மிதிவண்டியை எட்டுதற்கு 72 நொடி ஆகும். முன்னதில் கண் இமைத்தலும் பிழை. பின்னதில் எண்ணிப் பார்க்கவும் நேரமுண்டு.

மற்றொன்றும் அறிதற்குரியது. விரைவு இரு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். பிரேக்கைப் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தொலைவும் அவ்வாறே நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் வருபவர், இடரைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டால், அந்நொடிக்குள் வண்டி ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். பகலில் நெரிந்து கிடக்கும் நகர வீதி பின்னிரவில் வெறுமையாகும்போது, அவ்வீதியும் சிற்றூர்ப் பெருவழி போன்றே கொடிதாகிறது. ஆகவே, ஆரவாரத்தைக் கண்டு நடுங்குதலும் வேண்டா. அமைதியைக் கண்டு மயங்குதலும் வேண்டா. இடர் எங்கே பிறக்கிறது என்று அறிந்து, அங்கே விழிப்போடு இருத்தலே அறிவுடைமை.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

எச்சாலையாயினும் மிதிவண்டி ஊர்வார் கைக்கொள்ள வேண்டிய முறைகள் சில உள. வீட்டினின்று புறப்படுமுன் இரண்டு பிரேக்குகளையும், டயரின் காற்றையும், சங்கிலியையும், மணியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மழையில் நனைந்த சக்கர விளிம்பைப் பிரேக்குக் கட்டைகள் உடனே பற்றமாட்டா. ஆதலின், மழைநாளில் முன்னரே பிரேக்கைப் பிடித்து மெல்லச் செல்லுதல் வேண்டும். இரவில் முன்னே வெள்ளொளி விளக்கும், பின்னே சிவப்பு விளக்கோ ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்பு வில்லையோ இருத்தல் வேண்டும். தலைக்கவசம் அணிதல் நன்று.

சாலையின் இடப்புறமே செல்லுதல் வேண்டும். ஆயினும், விளிம்பை ஒட்டி உராய்ந்து செல்லுதல் தவறு. விளிம்பினின்றும், நிறுத்தியுள்ள கார்களினின்றும் ஏறத்தாழ ஒரு மீட்டர் விலகி, நேர்க்கோட்டில் செல்பவரைப் பிறர் எளிதில் காண்பர். பள்ளத்திற்கு அஞ்சித் திடீரென வலப்புறம் வளையவேண்டிய தேவையும் அவர்க்கு நேராது. திரும்புமுன் பின்னே பார்த்து, திரும்பும் பக்கத்துக் கையை நன்கு நீட்டிக் காட்டவேண்டும். தாம் செய்யப்போவதைப் பிறர் முன்னரே அறியுமாறு செய்தலே சாலை ஒழுக்கத்தின் உயிர்நிலை. நண்பர் மூவர் நால்வர் கைகோத்து வரிசையாகச் செல்லுதல், ஒரே வண்டியில் பலர் ஏறுதல், ஓடும் லாரியைப் பற்றிக்கொண்டு செல்லுதல், கைப்பேசியில் பேசிக்கொண்டோ காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டோ செல்லுதல் ஆகியவை வீரமல்ல; பேதைமை.

பெருஞ்சந்திப்பில் வலப்புறம் திரும்புதல் அரிதெனத் தோன்றினால், இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு, நடப்போர்க்கு உரிய கோட்டின்வழிச் சாலையைக் கடக்கலாம். அவ்வாறு செய்தல் இழுக்கன்று. சற்றுச் சுற்றாயினும், உட்புறத் தெருக்களின் வழியே செல்லும் அமைதியான பாதையைத் தேர்ந்துகொள்ளுதலும் நன்று. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி மிதிவண்டிக்கும் பொருந்தும்.

நெதர்லாந்து நாடு காட்டும் பாடம்

மிதிவண்டி ஊர்வார் எத்துணை விழிப்போடு இருப்பினும், சாலை தீயதாயின் அவ்விழிப்பு மட்டும் போதாது. ஓர் ஊர் தன் சாலையைத் தானே திருத்திக்கொள்ள இயலும் என்பதற்கு நெதர்லாந்து நாடு சான்றாகும்.

அந்நாட்டார் தொன்றுதொட்டு மிதிவண்டியில் விருப்பமுடையவர். ஆயினும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகின, அவற்றிற்காகத் தெருக்கள் அகலமாக்கப்பட்டன, மிதிவண்டி ஒதுக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறு நாட்டில் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் மாண்டனர்; அவருள் 400-க்கும் மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் உள்ளம் கொதித்தது. குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துக என்னும் பொருளுடைய பெயரால் ஓர் இயக்கம் 1970-களின் தொடக்கத்தில் எழுந்தது. தாய்மாரும் தந்தைமாரும் பிள்ளைகளோடு தெருவில் இறங்கி, எங்கள் பிள்ளைகளுக்குத் தெருவில் இடம் தருக என வேண்டினர். 1973-ஆம் ஆண்டில் உலகெங்கும் எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அந்நாட்டரசு சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் ஓடுதலைத் தடுத்தது. அந்நாள்களில் மக்கள் பெருவழிகளிலும் நடந்தும் மிதிவண்டி ஊர்ந்தும் மகிழ்ந்தனர். சாலை எப்படி இருத்தல் கூடும் என்பதைக் கண்ணாரக் கண்டனர்.

அதன்பின் ஆண்டுதோறும் அந்நாட்டுச் சாலைகள் திருத்தமுற்றன. வண்டிகள் விரைந்து செல்லும் சாலைகளில் மிதிவண்டிக்குத் தனிவழி அமைக்கப்பட்டது. மக்கள் குடியிருக்கும் தெருக்கள் பலவற்றில் மோட்டார் வண்டிகளின் விரைவு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற்படாதவாறு வரையறுக்கப்பட்டது. விரைவுகள் ஒத்த இடத்தில் அனைவரும் கூடிச் செல்க. விரைவுகள் வேறுபட்ட இடத்தில் தனித்தனியே செல்க என்பதே அவர் கண்ட நெறி. இன்று அந்நாட்டில் மக்கள் தொகையினும் மிதிவண்டிகளின் தொகை மிகுதி. நகரத்தின் நடுவேயும் சிறுவர்கள் மிதிவண்டியில் பள்ளி செல்கின்றனர். ஆரவாரம் மிக்க நகரத்தின் உள்ளேயே அமைதிச் சாலையை ஆக்கிக்கொள்ளலாம் என்பது இதனால் புலனாகும்.

தமிழ்நாட்டிலும் இந்நெறி அறியப்படாததன்று. 2014-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, நடப்போர்க்கும் மிதிவண்டி ஊர்வோர்க்கும் முதன்மை தரும் கொள்கை ஒன்றினை ஏற்றுக்கொண்டது. அதனையொட்டிச் சில வீதிகளில் நடைபாதைகள் அகலமாக்கப்பட்டன. மிதிவண்டிக்கெனத் தனிவழி எங்கும் அமைதற்குச் செய்யவேண்டிய பணி இன்னும் மிகுதி.

முடிவுரை

இன்று மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவர் என்றும் மிதிவண்டியிலேயே செல்வர் என்று கூறுதற்கில்லை. நாளை ஒருவர் மோட்டார் சைக்கிள் ஊர்வர். ஒருவர் பேருந்து ஓட்டுவர். ஒருவர் பொறியாளராகிச் சாலை அமைப்பர். ஒருவர் மன்ற உறுப்பினராகி அதற்குப் பணம் ஒதுக்குவர். அந்நாளில் அவர்கள், மிதிவண்டியின்மேல் இருந்து கண்ட சாலையை மறவாதிருத்தல் வேண்டும். பின்னே விரைந்து வரும் லாரியின் ஓசை கேட்டுக் கைப்பிடியை இறுகப் பற்றியவர், தாம் வண்டி ஓட்டும்போது முன்னே செல்லும் சிறுவனைக் கண்டு விரைவைக் குறைப்பர். சாலை வலியவருக்கு மட்டும் உரியதன்று. மெதுவாகச் செல்பவருக்கும் அதில் பங்குண்டு. அப்பங்கை மதிக்கும் மக்கள் வாழும் ஊரில், அமைதிச் சாலைக்கும் ஆரவார வீதிக்கும் உள்ள வேற்றுமை நாளடைவில் குறையும். பள்ளிக்குச் சென்ற பிள்ளை மாலையில் நலமே வீடு திரும்புவது உறுதியாகும்.